அடிக்கிற கைதான் அணைக்குமா?



சென்ற மாதம் நம் சங்கத்தின் ஜீவனஹள்ளிக் கிளைக் கூட்டத்தில் ஒரு பெண்ணின் விஷயம் பேச்சுக்கு வந்தது. புருஷனின் அடி தாங்காமல் தாய் வீட்டுக்குப் போனவள், இருபதே நாளில் தானாகத் திரும்பி வந்து அவனுக்கே சோறு பொங்கிப் போடுகிறாள் என்று ஒருவர் சொன்னார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. "அவளுக்கே ரோஷம் இல்லை, நமக்கு எதற்கு இந்த வம்பு?" என்றார் ஒரு மூத்த தோழர். "சில பொம்பளைகளுக்கு ரெண்டு அடி விழுந்தால்தான் தூக்கம் வரும்" என்றார் இன்னொருவர். தலைவர் மேஜையைத் தட்டினார். அடுத்த பொருளான ரேஷன் கார்டு பிரச்சினைக்குப் போய்விட்டோம்.

அன்று வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர்களில் நாங்களும் உண்டு. ஆகவே இந்தக் கட்டுரை அடுத்தவரைக் குற்றம் சொல்ல மட்டும் எழுதப்படவில்லை. "அவள் ஏன் திரும்பிப் போனாள்?" என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. அந்தப் பதிலில் நமக்கும் பங்கு இருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்ல வருகிறோம்.

முதலில் கணக்கு

இது ஒரு வீட்டு விவகாரம் என்று நினைப்பவர்கள் மத்திய அரசே எடுத்த கணக்கைப் பார்க்கட்டும். 2019-21ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், கர்நாடகத்தில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 100க்கு 44 பேர் புருஷனிடம் அடியோ பலாத்காரமோ பட்டதாகச் சொன்னார்கள். 2015-16ல் இதே கணக்கு 100க்கு 21 ஆக இருந்தது. தமிழ்நாட்டில் 100க்கு 38. இந்தியா முழுவதற்கும் 29. நாம் பிறந்த மாநிலமும் பிழைக்க வந்த மாநிலமும் இந்த ஒரு விஷயத்தில் தேசத்தையே முந்தி நிற்கின்றன!

இன்னொரு கணக்கும் உண்டு. இந்தியாவில் இப்படி அடிபட்ட பெண்களில் 100க்கு 77 பேர் யாரிடமும் உதவி கேட்டதில்லை, வாய் திறந்து சொன்னதும் இல்லை. கர்நாடகத்தில் "இன்ன காரணத்துக்காகப் புருஷன் அடிப்பது சரிதான்" என்று ஏதாவது ஒரு காரணத்தை ஒப்புக்கொண்ட பெண்களே 100க்கு 77 பேர். ஆண்களில் 82 பேர். சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போனாள், எதிர்த்துப் பேசினாள், சமையல் சரியில்லை என்பவையெல்லாம் அந்தக் காரணங்கள். நம் மேடைகளில் பெரியார் படத்துக்கு மாலை போடுகிறோம். வீட்டுக்குள் போனதும் "அடியாத மாடு படியாது" என்கிறோம்.

ஸ்டவ் வெடித்த கதை

இந்த நகரத்தின் பழைய கதை ஒன்றை இளைய தோழர்களுக்கு நினைவூட்டுகிறோம். பெங்களூரில் 1979ல் தொடங்கிய 'விமோச்சனா' என்ற பெண்கள் அமைப்பு, 1990களின் கடைசியில் போலீஸ் ஏடுகளைப் புரட்டிப் பார்த்தது. 1997ல் ஆயிரத்துக்கு மேல், 1998லும் ஆயிரத்துக்கு மேல் பெண்கள் இந்த ஒரே நகரத்தில் 'இயற்கைக்கு மாறாக' இறந்திருந்தார்கள். அவர்களில் பலர் கல்யாணமான இளம் பெண்கள். பல கோப்புகள் "சமையல் விபத்து, ஸ்டவ் வெடித்தது" என்று எழுதி மூடப்பட்டிருந்தன.

மண்ணெண்ணெய் ஸ்டவ் மாமியாருக்குப் பக்கத்தில் வெடிப்பதில்லை. புருஷன் டீ போடும்போதும் வெடிப்பதில்லை. மருமகள் பக்கத்தில் போனால் மட்டும் வெடிக்கிற ஸ்டவ்வை எந்தக் கம்பெனி செய்தது என்று யாரும் கேட்கவில்லை.

இதில் மனத்தைப் பிசைகிற விஷயம் வேறொன்று. விக்டோரியா ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில், சாகக் கிடந்த பெண்களிலேயே பலர் "ஸ்டவ் வெடித்தது" என்றுதான் வாக்குமூலம் கொடுத்தார்கள். சாகப்போகிறவர் பொய் சொல்லமாட்டார் என்று சட்டம் நம்புகிறது. மரண வாக்குமூலத்துக்கு மதிப்புத் தருவது அந்த நம்பிக்கையால்தான். ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் மாமியார் நிற்கிறாள், அவள் இடுப்பில் குழந்தை இருக்கிறது. தான் போன பிறகு அந்தக் குழந்தை அதே வீட்டில்தான் சோறு தின்னவேண்டும் என்பது கிடப்பவளுக்குத் தெரியும். உடம்பெல்லாம் வெந்து கிடக்கும்போதும் அவள் கணக்குப் போட்டுத்தான் பேசினாள். தன் உயிர் போனது போனதுதான், பிள்ளையாவது பிழைக்கட்டும் என்ற கணக்கு அது. அவளை ரோஷமில்லாதவள் என்று சொல்ல எவனுக்கு நாக்கு வரும்?

அவள் மனசுக்குள் நடப்பது

அடிபடும் பெண்களின் மனநிலையைப் பற்றி 1979ல் லெனோர் வாக்கர் என்ற அமெரிக்க மனநூலார் ஒரு புத்தகம் எழுதினார். நூற்றுக்கு மேற்பட்ட பெண்களிடம் பேசி, இந்த அடி ஒரு சக்கரம்போலச் சுற்றுகிறது என்று கண்டார். அந்தச் சக்கரத்தை நம் தெருவிலேயே காட்டலாம்.

முதல் கட்டம், கையில் காசு ஓய்ந்த வாரம். அவன் பேச்சு குறைகிறது, சாமான்கள் கொஞ்சம் சத்தமாக வைக்கப்படுகின்றன. அவள் பிள்ளைகளை "அப்பா வர்ற நேரம், சத்தம் போடாதீங்க" என்று அடக்குகிறாள். இரண்டாம் கட்டம் அடி. மூன்றாம் கட்டம் மறுநாள் சாயங்காலம். இரண்டு முழம் மல்லிகைப் பூவும் பிள்ளைகளுக்குப் பரோட்டாப் பொட்டலமும் வாங்கிக்கொண்டு வருகிறான். மாரியம்மன் மேல் சத்தியம் செய்கிறான். சிலர் காலைப் பிடித்து அழுகிறார்கள். "பாத்தியா, அடிக்கிற கைதான் அணைக்கும்" என்கிறாள் பக்கத்து வீட்டுப் பாட்டி. இந்த ஒரு பழமொழி நம் பெண்களுக்குச் செய்த கேடு கொஞ்சமல்ல.

அவள் எதை நம்பித் திரும்புகிறாள்? அடித்தவனை நம்பி அல்ல, பூ வாங்கி வந்தவனை நம்பித் திரும்புகிறாள். இரண்டு பேரும் ஒருவனே என்பதுதான் அவளுடைய கொடுமை. டட்டன், பெயின்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 1981ல் இதைத்தான் விளக்கினார்கள். எப்போதும் அடித்துக்கொண்டே இருப்பவனிடம் இப்படிப்பட்ட பிடிப்பு உண்டாவதில்லை. எப்போது அடி, எப்போது அன்பு என்று தெரியாமல் மாறி மாறி வருகிற இடத்தில்தான் மனசு இறுக ஒட்டிக்கொள்கிறது. இந்த ஒட்டுதலுக்கு ஆண் பெண் பேதம் கிடையாது. மனித மனசு எதுவானாலும் அந்த நிலையில் அப்படித்தான் ஒட்டும்.

"தப்பு என் மேலதான்" என்று அவள் சொல்வதையும் கேட்டிருக்கிறோம். குழம்பில் உப்பு கூடாமல் இருந்தால், நான் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தால் என்று சொல்வாள். இதை அடிமைப் புத்தி என்று ஒதுக்கிவிடாதீர்கள். தப்பு தன்னுடையது என்றால் நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம், அடி நின்றுவிடும் என்று நம்ப ஒரு வழி இருக்கிறது. தப்பு அவனுடையது என்று ஒப்புக்கொண்டால், தன் கையில் ஒன்றுமே இல்லை என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதை ஒப்புக்கொள்வது சுலபமா?

வாக்கர் இன்னொன்றும் சொன்னார். தப்ப வழியில்லாமல் திரும்பத் திரும்ப அடிபட்ட உயிர், பிறகு வழி திறந்தாலும் போகாமல் கிடக்கும். அப்படி ஓர் இயலாமையை அது கற்றுக்கொண்டுவிடுகிறது என்றார். இதை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. 1988ல் கோண்டால்ஃப், ஃபிஷர் என்ற இருவர், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் காப்பகங்களுக்கு வந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களை ஆராய்ந்தார்கள். அடி கூடக் கூட அந்தப் பெண்கள் உதவி தேடுவதும் கூடியிருந்தது. சொந்தக்காரர், போலீஸ், கோயில், வக்கீல் என்று பல கதவுகளைத் தட்டியிருந்தார்கள். இயலாமையைக் கற்றுக்கொண்டவர்கள் கதவுக்கு உள்ளே இருந்தவர்கள்தான் என்று அவர்கள் முடிவு சொன்னார்கள்.

தோழர்களே, இந்த இடத்தில் நம் சங்கத்தின் கதவை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

1974ஐ மறந்துவிட்டோமா?

ரயில்வேயில் வேலை செய்யும் எங்களுக்கு ஓர் உதாரணம் உடனே நினைவுக்கு வருகிறது. 1974 மே 8ஆம் தேதி எங்களுக்கு முந்தைய தலைமுறை இந்தியா முழுவதும் ரயிலை நிறுத்தியது. பல்லாயிரம் தொழிலாளர்கள் சிறைக்குப் போனார்கள். வேலை நீக்க உத்தரவுகள் பறந்தன. குவாட்டர்ஸிலிருந்து குடும்பங்கள் சட்டி பானையோடு தெருவுக்குத் தள்ளப்பட்டன. மே 27ல் கோரிக்கை எதுவும் கிடைக்காமலே போராட்டம் வாபஸ் ஆனது. தொழிலாளி தலையைக் குனிந்துகொண்டு அதே அதிகாரியின் முன்னால் போய் நின்றான்.

அவனைப் பார்த்து "ரோஷம் கெட்டவன், அடி வாங்கினால்தான் இவனுக்குத் தூக்கம் வரும்" என்று எந்தத் தொழிற்சங்கக்காரனாவது சொன்னானா? இல்லை. வீடு போனது, சம்பளம் போனது, பிள்ளைகள் பட்டினி, எதிரே ராணுவமும் போலீசும். அவன் வேறு என்ன செய்வான் என்றுதான் சொன்னோம். சங்கம் இருந்தது, தலைவர்கள் இருந்தார்கள், பக்கத்தில் பல லட்சம் தோழர்கள் இருந்தார்கள். அப்படியும் இருபது நாள்தான் தாங்க முடிந்தது.

நம் கூட்டத்தில் சிரிப்புக்கு ஆளான அந்தப் பெண்ணும் இருபது நாள் தாங்கினாள். அவள் தனியாக நடத்திய வேலைநிறுத்தம் அது. வீட்டு அட்வான்ஸ் அவன் பெயரில். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் யாராக இருந்தாலும் காசைத் தொடுபவன் அவன். அவள் கார்மெண்ட்ஸில் வாங்கும் சம்பளத்தின் ஏ.டி.எம். கார்டும் அவன் பையில். தாய் வீட்டில் அண்ணன் மனைவியின் முகம் நான்காம் நாளே மாறுகிறது. கல்யாணத்துக்கு ஒரு தங்கை நிற்கிறாள். 'வாழாவெட்டி' என்ற வார்த்தை தெருக்கோடியில் காத்திருக்கிறது. அடித்தவனைக் குறிக்க நம் மொழியில் அப்படி ஒரு வசைச்சொல் உண்டா? யோசித்துப் பாருங்கள்.

போனால் உயிருக்கே ஆபத்து என்ற பயமும் பொய்யல்ல. தன் பிடி நழுவுகிறது என்று அவனுக்குத் தெரிகிற நேரத்தில்தான் வன்முறை கொலைவரைக்கும் போகிறது. இதை உலகம் முழுவதும் கண்டிருக்கிறார்கள். அவனோடு பல வருஷம் வாழ்ந்தவளுக்கு அந்த ஆபத்தின் அளவு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

நல்லதங்காளும் நீதிமன்றமும்

நல்லதங்காள் கதை தெரியாத தமிழ்க் குடும்பம் இல்லை. பஞ்சத்தில் பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடிப் போனாள், அண்ணி கதவைச் சாத்தினாள், ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தாள். கேட்டு அழுதோம், அண்ணியைத் திட்டினோம், அத்தோடு விட்டோம். ஒரு பெண்ணுக்குப் போக ஒரே ஒரு கதவுதான் இருந்தது, அதுவும் சாத்தினால் அடுத்தது கிணறு என்று ஏன் இருக்க வேண்டும் என யாரும் கேட்கவில்லை.

1989ல் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. புருஷனின் கொடுமை தாங்காமல் பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்த தாய் பிழைத்துக்கொண்டாள், கொலை வழக்கு அவள் மேல் பாய்ந்தது. அந்த மனநிலைக்கு நல்லதங்காள் பெயரையே நீதிமன்றம் சொன்னது. ஆத்திரமூட்டல் என்பது அந்த ஒரு நொடியில் நடப்பது மட்டுமல்ல, வருஷக்கணக்கில் சேர்ந்துகொண்டே வருவதும் ஆத்திரமூட்டல்தான் என்று எடுத்துக்கொண்டு, அது கொலைக் குற்றமாகாத மரணம் என்ற தீர்ப்பைத் தந்தது.

அதே 1989ல் இங்கிலாந்தில் பஞ்சாபிலிருந்து போய்க் குடியேறிய கிரண்ஜித் அலுவாலியா என்ற பெண், பத்து வருஷம் அடிபட்ட பிறகு புருஷன் மேல் தீ வைத்தார். ஆயுள் தண்டனை விழுந்தது. 1979ல் தொடங்கிய 'சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ்' என்ற குடியேறிய பெண்களின் அமைப்பு அவருக்காகப் போராடியது. 1992ல் கொலைத் தீர்ப்பு ரத்தாகி அவர் விடுதலையானார். அங்கேயும் சமுதாயப் பெரியவர்கள் சொன்னது ஒன்றுதான்: வெள்ளைக்காரன் முன்னால் நம் வீட்டு அழுக்கைக் கொட்டாதே, நம் இனத்துக்கு மானக்கேடு!

எங்கள் கோப்பிலுள்ள காகிதம்

இந்த வார்த்தை நமக்குப் புதிதா? 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தில் இந்த நகரத்துத் தமிழர்கள் பட்ட பாட்டை நம் குடும்பங்கள் மறக்கவில்லை. 2016 செப்டம்பரிலும் பயந்து கிடந்தோம். ஸ்டேஷன் படி ஏறவே நமக்குத் தயக்கம். புகாரைக் கன்னடத்தில் எழுதுவார்கள், என்ன எழுதினார்கள் என்று தெரியாமலே கைநாட்டு வைக்கவேண்டும். இந்தப் பயமெல்லாம் நியாயமானதுதான். ஆனால் அந்த நியாயமான பயத்தை எடுத்து, அடிக்கிறவனுக்கு வேலியாகக் கட்டிவிட்டோம். "போலீசுக்குப் போகாதேம்மா, நம்ம ஆளுங்க பேரு கெட்டுடும், சங்கத்திலேயே பேசித் தீர்த்துக்கலாம்" என்றோம்.

தீர்த்த லட்சணத்தைச் சொல்கிறோம். சில வருஷங்களுக்கு முன் ஒரு பெண் கைக்குழந்தையோடு மூன்று தடவை எங்களிடம் வந்தாள். மூன்று தடவையும் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "இனிமேல் கை நீட்டமாட்டேன்" என்று எழுதி வாங்கினோம். டீ வாங்கிக் கொடுத்தோம். "புருஷன் பெண்ஜாதி சண்டை, விட்டுக் கொடுத்துப் போம்மா" என்று அனுப்பிவைத்தோம். அந்த மூன்று காகிதமும் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன. நான்காம் தடவை அவள் வரவில்லை. கை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று தெரிந்து ஓடினோம். டாக்டரிடம் "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லியிருந்தாள். ஏனம்மா எங்களிடம் வரவில்லை என்று கேட்டோம். அவள் சொன்னாள்: "உங்ககிட்ட வந்துட்டுப் போற ராத்திரிதான்ணா எனக்கு ரெண்டு அடி கூட விழும்."

நாங்கள் சமாதானம் என்று நினைத்தது அவளுக்கு மேலும் இரண்டு அடி. அன்றிலிருந்து அந்தக் கோப்பைத் திறக்க எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

எதிர்வாதங்கள்

"எல்லாம் குடிதான் காரணம், குடியை ஒழித்தால் போதும்" என்பார்கள். குடியை நாமும் எதிர்க்கிறோம். ஆனால் குடித்தவன் மேஸ்திரியை அடிப்பதில்லை. வழியில் நிற்கும் போலீஸ்காரனுக்குக் கும்பிடு போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறான். யாரை அடித்தால் கேட்க நாதியில்லை என்று போதையிலும் அவனுக்குத் தெரிகிறது. கர்நாடகத்தில் 2007 ஜூலையில் சாராயம் நிறுத்தப்பட்டது. வேறு சரக்கு வந்தது, அடியும் நிற்கவில்லை. குடிக்காமலே அடிக்கிறவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் இதைப் படிப்பார்கள் என்றும் தெரியும்.

"முதலில் வர்க்கப் போராட்டம், பிறகு இதெல்லாம்" என்பார்கள். பகலெல்லாம் முதலாளியிடம் குனிந்தவன் ராத்திரி வீட்டில் ஒரு குட்டி முதலாளியாக நிமிர்கிறான். ஓர் அடிமைக்கு அடிக்க இன்னோர் அடிமையைக் கொடுத்துவிட்டால், அவன் யாரை எதிர்த்துப் போராடுவான்? இது நம் போராட்டத்தின் வேரிலேயே வெந்நீர் ஊற்றுகிற வேலை.

"பொய்க் கேஸ் போடுகிறார்கள்" என்பார்கள். 100க்கு 77 பேர் வாயே திறக்காத நாட்டில், திறந்த ஒருத்தியைப் பார்த்து முதலில் நம் வாயில் வரவேண்டிய வார்த்தை அதுவா?

இனி என்ன செய்ய வேண்டும்

அடுத்த பொதுக்குழுவில் இந்தத் தீர்மானங்களைக் கொண்டுவருகிறோம்.

ஒன்று: அடி நடந்த விஷயத்தில் சங்கம் இனி சமாதானப் பஞ்சாயத்து பேசாது. வந்தவளிடம் தனியாக, பெண் உறுப்பினர்களே பேசுவார்கள். முதல் கேள்வி "என்ன செய்தாய்?" என்பதல்ல. "இன்றைக்கு ராத்திரி எங்கே பத்திரமாகத் தூங்குவாய்?" என்பதே.

இரண்டு: சட்டம் தெரிந்த இரண்டு பேரைக் கிளையில் தயார் செய்ய வேண்டும். 1983ல் வந்த 498ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய தண்டனைச் சட்டத்தில் 85, 86 பிரிவுகளாக இருக்கிறது. 2005ல் இயற்றி 2006 அக்டோபர் 26ல் அமலுக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டப்படி, வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் இருந்தாலும் அவளை அந்த வீட்டைவிட்டுத் துரத்த முடியாது. அவளுக்காக வேறொருவரும் மாஜிஸ்டிரேட்டிடம் மனுக் கொடுக்கலாம். அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே அந்த மனுவைப் போடலாம். தாய் வீட்டுக்குப் போய்விட்டவள் கொடுமைப் புகாரை அங்கேயே கொடுக்கலாம் என்று 2019ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஊருக்கும் இங்கேயும் அலைகிற நமக்கு இது பெரிய வசதி. பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தர 1987ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181.

மூன்று: ஸ்டேஷனுக்குப் போகும் பெண்ணோடு கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் கட்டாயம் போகவேண்டும். கையெழுத்துக்கு முன் புகாரைத் தமிழில் படித்துச் சொல்ல வேண்டும்.

நான்கு: வேலைநிறுத்தத்துக்கு நிதி வைப்பதுபோல இதற்கும் ஒரு சிறு நிதி. ஒரு மாத வீட்டு வாடகை, ஊருக்கு ரயில் டிக்கெட், பிள்ளைகளுக்குப் பால். இருபது நாளை அறுபது நாளாக ஆக்க இவ்வளவு போதும்.

ஐந்து: அவள் திரும்பிப் போனாலும் சிரிக்கக் கூடாது, திட்டவும் கூடாது. பத்துத் தடவை போனாலும் பதினோராம் தடவை நம் கதவு திறந்திருக்க வேண்டும். ஒரே தடவையில் விட்டு வருகிறவர்கள் குறைவு. ஒவ்வொரு தடவையும் அவள் வழி பார்த்துக்கொண்டுதான் போகிறாள்.

இந்தத் தீர்மானங்களை எதிர்க்கிறவர்கள் தாராளமாக எதிர்க்கட்டும். ஆனால் அந்தப் பொதுக்குழுவுக்கு உங்கள் வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள். அவர்கள் முன்னால் எழுந்து நின்று எதிர்த்துப் பேசுங்கள். கேட்க நாங்கள் காத்திருக்கிறோம்.